முகமும் பசையும்: ஒட்டுப்பலகையின் தரம் அறிவது எப்படி?

(மூன்றாம் ஆண்டு, இளம் அறிவியல் – வேதியியல்)

முத்துக்குளித்துறை என்று பெயர் பெற்ற கரை நம்முடையது. 1961-ஆம் ஆண்டிற்குப் பின் இக்கடலில் முத்துக்குளிப்பு நடைபெறவில்லை. ஆயினும், ஒரு பொருளைத் தரம் பிரித்து விலை மதிக்கும் கலையை நம் முன்னோர் எவ்வளவு நுணுக்கமாகக் கையாண்டனர் என்பதற்கு அத்தொழிலே சான்றாக நிற்கிறது. எடுத்த முத்துக்களை முதலில் சிறு கூடை போன்ற பத்துப் பித்தளைச் சல்லடைகளில் இட்டுச் சலிப்பார்கள். முதற் சல்லடையில் 20 துளைகள். அடுத்தடுத்து 30, 50, 80, 100, 200, 400, 600, 800 என ஏறி, பத்தாவதில் 1000 துளைகள். இருபது துளைச் சல்லடையில் தங்குவது பெருமுத்து. ஆயிரம் துளைச் சல்லடையில் தங்குவது பொடிமுத்து. அளவு பிரிந்த பிறகு கண் தன் வேலையைத் தொடங்கும். உருட்சியும் ஒளியும் குறைவற அமைந்தது ‘ஆணி’. மடிந்து வளைந்தது ‘மடங்கு’. குறை மிகுந்தது ‘கழிப்பு’. மிகச் சிறியது ‘தூள்’. தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுகளிலும் வட்டம், அனுவட்டம், குறுமுத்து, இரட்டை, கறடு என்றெல்லாம் முத்தின் வகைகள் பெயர் சுட்டிப் பொறிக்கப்பட்டுள்ளன.

இதில் ஒன்றைக் கூர்ந்து நோக்க வேண்டும். நம்மவர் இரண்டு தேர்வுகளை வைத்தனர். ஒன்று சல்லடைத் தேர்வு. அதற்கு முகத்தாட்சணியம் இல்லை. மற்றொன்று கண் தேர்வு. அதற்குப் பழகிய கண் வேண்டும். ஒன்றை மற்றொன்றோடு அவர்கள் குழப்பிக் கொள்ளவில்லை.

முத்தைப் பற்றிய இவ்வளவும் எதற்கு என்று வாசகர் கேட்கலாம். இன்று நம் வீடுகளிலும் படகுகளிலும் நீக்கமற நிறைந்திருக்கும் ஒட்டுப்பலகைக்கும், அதாவது கடைக்காரர் ‘பிளைவுட்’ என்று விற்கும் பொருளுக்கும், இதே போன்று இரண்டு தேர்வுகள் உண்டு. அவ்விரண்டையும் ஒன்றெனக் கருதிவிடுவதால் ஏமாறுவோர் பலர். ஏமாந்தவர்களுள் என் தாய்மாமனும் ஒருவர்.

ஒரு படகின் கதை

மாமா திரேஸ்புரத்தில் நாட்டுப்படகு வைத்துத் தொழில் செய்பவர். எஞ்சினை மூடும் பெட்டியும் படகின் மேல்தளமும் பழுதாகிவிட்டபடியால், கடன் வாங்கிப் புதுப் பலகை எடுத்தார். கடையில் இரண்டு வகைகளைக் காட்டினார்களாம். ஒன்று மங்கலாக, ஆங்காங்கே கணுவோடு இருந்தது. மற்றொன்று சிவந்து, வழவழவென்று, கண்ணைப் பறித்தது. விலையிலும் சற்றுக் குறைவு. ‘நூறு சதவீதம் வாட்டர்புரூஃப்’ என்று அதன்மேல் பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தது; ‘710’ என்ற எண்ணும் இருந்தது. மாமா அழகியதையே எடுத்தார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் எடுத்திருப்பேன்.

ஒரு மழைக்காலம் தாண்டவில்லை. நனைந்த புத்தகத்தின் ஏடுகளைப் போலப் பலகை தாள் தாளாகப் பிரியத் தொடங்கியது. ஒரு நாள் விடியற்காலை வலை இழுக்கையில் தளம் உள்வாங்கி மாமாவின் கால் முழங்கால் வரை இறங்கிவிட்டது. காயத்தோடு கரை சேர்ந்தார். பதினைந்து நாள் தொழில் இல்லை. கடனுக்கு வட்டி மட்டும் தவறாமல் ஓடிற்று.

பழுது பார்க்க வந்த ஓடாவி பிய்ந்த துண்டைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு என்னிடம், “தம்பி, பலகை வாங்கும்போது மூஞ்சியப் பாக்காத; ஓரத்தப் பாரு” என்றார். அந்த ஒரு வாக்கியமே இக்கட்டுரைக்கு வித்து.

பலகை பிறக்கும் விதம்

தரத்தை அறியுமுன் பொருளை அறிதல் வேண்டும். மரத்தடியை வெந்நீரிலோ நீராவியிலோ இட்டுப் பதப்படுத்துகின்றனர். பிறகு அதைக் கடைசல் எந்திரத்தில் பொருத்திச் சுழற்றி, நீண்ட கத்தியை அதன்மேல் அழுத்துகின்றனர். சுருட்டிய பாயை விரிப்பது போல மரம் மெல்லிய ஏடாக உரிந்து வருகிறது. இந்த ஏடுகளை உலர்த்தி, பசை தடவி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சூடான அழுத்த எந்திரத்தில் வைத்து இறுக்கினால் ஒட்டுப்பலகை உருவாகிறது.

அடுக்குவதில்தான் அறிவியல் இருக்கிறது. மரம் உலரும்போது இழையின் நீளவாக்கில் ஏறத்தாழச் சுருங்குவதே இல்லை. குறுக்குவாக்கில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பங்கு வரை கூடச் சுருங்கும். தனிப்பலகை வளைவதும் வெடிப்பதும் இதனாலேயே. ஒட்டுப்பலகையில் ஒரு ஏட்டின் இழை கிழக்கு மேற்காக ஓடினால், அடுத்ததன் இழை வடக்கு தெற்காக ஓடும். ஒன்று சுருங்க முயன்றால் மற்றொன்று பிடித்து நிறுத்தும். இருபுறமும் சமன்பட வேண்டுமாதலால், பெரும்பாலும் 3, 5, 7, 9 என ஒற்றைப்படை எண்ணிக்கையிலேயே அடுக்குகின்றனர்.

ஒன்றை ஒன்று பிடித்து நிறுத்துகிறது என்றேன். அப்பிடியை அளிப்பது பசை. பசை விட்டுவிட்டால் பலகை என்று ஒன்று இல்லை. மெல்லிய ஏடுகளின் கட்டு மட்டுமே எஞ்சும். இதை மனத்தில் இருத்திக்கொண்டால் மற்றவை எளிதில் விளங்கும்.

முதல் தேர்வு: முகம்

பலகையின் இரு பக்கங்களிலும் வெளியே தெரியும் ஏடுகளை முக ஏடு என்பர். நம் நாட்டில் நெடுங்காலமாகக் கர்ஜன் மரமே முக ஏட்டிற்குப் பெயர் பெற்றது. பர்மாவிலிருந்து அது பெருமளவில் வந்துகொண்டிருந்தது. 2014 ஏப்ரல் முதல் அந்நாடு மரத்தடி ஏற்றுமதியை நிறுத்தியபின், ஆப்பிரிக்காவின் ஒகூமே போன்ற மரங்கள் அவ்விடத்தைப் பிடித்தன. 1974-இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்ட நம் தூத்துக்குடித் துறைமுகத்திலும் வெளிநாட்டு மரத்தடிகள் வந்திறங்குவதுண்டு.

முக ஏட்டில் எவற்றைப் பார்க்கிறார்கள்? கணு இருக்கிறதா, அது உயிர்க்கணுவா, விழுந்துவிடக்கூடிய செத்த கணுவா. வெடிப்பு, பூச்சித்துளை, நிறமாற்றம் உண்டா. ஓட்டையை அடைத்து ஒட்டுப் போட்டிருக்கிறார்களா. இரண்டு ஏடுகள் சேரும் இடம் பொருந்தியிருக்கிறதா. உள்ளே காற்றுப் புகுந்து கொப்புளம் போல் உப்பியிருக்கிறதா. இக்குறைகளின் எண்ணிக்கையையும் அளவையும் கொண்டு முகத்தை வகுக்கின்றனர். பொதுப்பயன் ஒட்டுப்பலகைக்கான இந்தியத் தர அளவை ஐ.எஸ். 303. அதன் 1989-ஆம் ஆண்டுப் பதிப்பு முகத்தை ஏ, பி என இரண்டாகப் பிரித்தது. இரு பக்கமும் நன்றாக இருந்தால் ஏஏ; ஒரு பக்கம் மட்டும் நன்றாக இருந்தால் ஏபி; இரு பக்கமும் சுமாராக இருந்தால் பிபி. அலமாரிக் கதவுக்கு ஏஏ வேண்டியிருக்கலாம். சுவரோடு ஒட்டி நிற்கும் பின்பலகைக்கு அது வீண் செலவு.

அமெரிக்காவிலும் இதே போல ஏ, பி, சி, டி என எழுத்துகளால் முகத்தைக் குறிக்கிறார்கள். அங்கே கட்டட வேலையில் மிகுதியாகப் புழங்குவது ‘சிடிஎக்ஸ்’ என்னும் பலகை. முன்முகம் சி, பின்முகம் டி என்பதை முதல் இரண்டு எழுத்துகளும் உணர்த்துகின்றன. எக்ஸ் என்பது பசையைப் பற்றியது. கட்டுமானத்தின்போது சில காலம் மழையில் நனைந்தாலும் தாங்கும் என்பதே அதன் பொருள். ஆனால் அது நிரந்தரமாக வெளியில் கிடக்கத்தக்க பலகை என்று அங்கேயும் பலர் தவறாக எண்ணிக்கொள்கின்றனர். எழுத்தைச் சரியாகப் படியாமல் ஏமாறுவது நமக்கு மட்டும் உரிய குறையன்று என்பதில் ஒரு சிறு ஆறுதல்!

ஆக, முகத்தின் தரம் அழகைப் பற்றியது. வண்ணம் தீட்டவும், மெருகேற்றவும், மைக்கா ஒட்டவும் பலகை எவ்வளவு ஏற்றது என்பதை அது சொல்லும். தண்ணீரில் எத்தனை நாள் தாங்கும் என்பதைப் பற்றி அது வாய் திறப்பதில்லை.

இரண்டாம் தேர்வு: பசை

பசையை வைத்துப் பிரிக்கும்போது கடைகளில் மூன்று பெயர்களைக் கேட்கலாம். முதலாவது எம்.ஆர்.; ஈரக்காற்றைத் தாங்குவது. இதற்குப் பெரும்பாலும் யூரியா-பார்மால்டிகைடு பசையைப் பயன்படுத்துகின்றனர். இரண்டாவது பி.டபிள்யூ.ஆர்.; கொதிநீரைத் தாங்குவது. மூன்றாவது பி.டபிள்யூ.பி.; கொதிநீரிலும் பிரியாதது. பின்னிரண்டிற்கும் பீனால்-பார்மால்டிகைடு பசையே பெரிதும் பயன்படுகிறது. மூன்றாவது வகையே மரைன் பிளைவுட் எனப்படும் கடற்பலகை. அதற்குரிய தனி அளவை ஐ.எஸ். 710.

இவ்விரு பசைகளும் ஏன் வேறுபடுகின்றன? இதற்கு விடை வேதியியலில் உள்ளது. யூரியாப் பசையில் மூலக்கூறுகளைக் கோக்கும் பிணைப்புகள் நைட்ரஜன் வழியாக அமைந்தவை. அவை உருவாகும் வினை இரு திசையிலும் செல்லக்கூடியது. நீரும் வெப்பமும் சேர்ந்து வந்தால் வந்த வழியே திரும்பிப் பிணைப்பு அறுகிறது. இதனை நீராற்பகுப்பு என்று பாடநூலில் படித்திருக்கிறோம். பீனால் பசையிலோ பென்சீன் வளையங்களைக் கார்பன்-கார்பன் பிணைப்புகள் இணைக்கின்றன. நீருக்கு அவற்றை அறுக்கும் வல்லமை இல்லை. யூரியாப் பசை விலை மலிவு, வெளிர்நிறம். பீனால் பசை விலை கூடுதல், செம்பழுப்பு நிறம்.

இந்நிற வேறுபாட்டில்தான் சூது நுழைகிறது. பீனால் பசையும் கர்ஜன் மரமும் சிவப்பு என்பதை அறிந்த வாடிக்கையாளர் சிவப்பைத் தேடுகிறார். உடனே மலிவான பலகைக்கும் செஞ்சாயம் ஏற்றிவிடுகிறார்கள் சிலர். வெளுத்ததெல்லாம் பால் அல்ல. சிவந்ததெல்லாம் பீனாலும் அல்ல!

பசையைச் சோதிக்கும் முறை நம் பழைய சல்லடைக்கு நிகரானது. அதற்கும் முகத்தாட்சணியம் இல்லை. எம்.ஆர். பலகையின் துண்டை 60 டிகிரி வெந்நீரில் 3 மணி நேரம் ஊறவைத்து, 65 டிகிரி வெப்பத்தில் 8 மணி நேரம் உலர்த்துகின்றனர். இவ்வாறு மூன்று முறை. பி.டபிள்யூ.ஆர். துண்டைக் கொதிநீரில் 8 மணி நேரம் இட்டு, 16 மணி நேரம் உலர்த்துகின்றனர். இதுவும் மூன்று முறை. கடற்பலகைக்கோ கொதிநீரில் 72 மணி நேரம். அதாவது மூன்று இரவும் மூன்று பகலும்.

அதன்பின் கத்திச் சோதனை நடைபெறும். பசைவரியில் கத்தியை நுழைத்து ஏடுகளை நெம்பிப் பிரிப்பார்கள். பிரிந்த இடத்தில் மர இழைகள் கிழிந்து ஒட்டிக்கொண்டிருந்தால் மரம் தோற்றது, பசை வென்றது; பலகை தேறியது. கிழிசல் ஏதுமின்றி வழவழப்பாகக் கழன்று வந்தால் பசை தோற்றது, பலகையும் தோற்றது. எவ்வளவு எளிய, எவ்வளவு நேர்மையான தேர்வு!

எங்கள் சிறு சோதனை

ஏட்டில் படித்ததைக் கண்ணால் காண விரும்பினேன். மாமாவின் படகிலிருந்து கழற்றிய பலகையின் ஓரத்தில் ஏடு பிரியாத ஒரு துண்டையும், ஓடாவி தந்த முத்திரை பெற்ற கடற்பலகைத் துண்டு ஒன்றையும் இரண்டு அங்குலச் சதுரங்களாக அறுத்து எடுத்துவந்தேன். பேராசிரியரின் இசைவோடு ஒரு சனிக்கிழமை ஆய்வுக்கூடத்தில் இரண்டு முகவைகளில் கொதிக்கவைத்தோம்.

ஒரு மணி நேரம் முடிவதற்குள் முதல் துண்டின் ஓரம் வாய் பிளந்தது. நீர் இளஞ்சிவப்பாயிற்று, சாயம் இறங்கிவிட்டது. இரண்டாம் மணியில் ஏடுகள் தனித்தனியே மிதந்தன. உள்ளிருந்த ஏடுகள் வெளிறிய மட்டமரம். அவற்றுள் ஒன்று முழு ஏடு கூட அன்று. இரண்டு சிறு துண்டுகளை இடைவெளி விட்டு வைத்திருந்தார்கள். மற்றைத் துண்டு மாலை வரை, எட்டு மணி நேரம் கொதித்தும் சற்று உப்பியதேயன்றிப் பிரியவில்லை. கத்தி கொண்டு நெம்பியபோது மரம்தான் கிழிந்தது.

எங்கள் சோதனை அதிகாரபூர்வமான சோதனைக்கு ஈடாகாது. துண்டும் ஒன்றே, நேரமும் குறைவு. ஆயினும் முகமும் பசையும் வெவ்வேறு என்பதை அந்த இரு முகவைகளும் எங்களுக்கு உணர்த்திய அளவிற்கு எந்த விரிவுரையும் உணர்த்தியிருக்க முடியாது.

கடலுக்குரிய பலகை

கடற்பலகைக்குப் பசை மட்டும் போதாது. உள்ஏடுகளில் இடைவெளி இருத்தலாகாது. இருந்தால் நீர் அங்கே தேங்கி அழுகலைத் தொடங்கும், திருகாணியும் பிடிக்காது. பூசணமும் பூச்சியும் அண்டாதபடி மரத்திற்குக் காப்பு மருந்து ஏற்ற வேண்டும். பசை நுண்ணுயிர்களைத் தாங்குகிறதா என்பதற்கும் தனிச் சோதனை உண்டு. இத்தனைக்குப் பிறகும் மரத்தைத் துளைக்கும் கப்பற்புழு போன்ற கடலுயிர்களுக்கு அஞ்சி, படகுக்கட்டுவோர் பலகையின்மேல் கண்ணாடியிழைப் பூச்சு இடுகின்றனர்.

இப்பலகையை நம்பியே ஒரு மாற்றம் நம் அண்டைக் கரையில் நிகழ்ந்தது. கட்டுமரத்திற்கும் குடைந்து செய்யும் வள்ளத்திற்கும் ஏற்ற பெருமரங்கள் அரிதாகிவிட்ட நிலையில், 1980-களில் குமரி மாவட்டத்து முட்டம் முதலிய இடங்களில் கடற்பலகையால் வள்ளங்கள் செய்யத் தொடங்கினர். தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு இதற்கெனப் படகுக்கட்டும் தளங்களை நடத்தியது. பலகைத் தாள்களை வடிவாக வெட்டி, ஓரங்களைக் கம்பியால் தைத்து, தையலின்மேல் கண்ணாடியிழையும் பிசினும் பூசி மூடுவது அம்முறை. அவ்வள்ளங்களில் எஞ்சினைப் பூட்டி ஆயிரக்கணக்கானோர் தொழிலுக்குச் சென்றனர். மேசைப் பலகை பிரிந்தால் மேசையைத் தள்ளி வைக்கலாம். கரையிலிருந்து பல மைல் தொலைவில் பலகை பிரிந்தால் எங்கே தள்ளி வைப்பது?

முத்திரையைப் படிக்கும் முறை

பொருளின் தரத்தைப் பொதுமக்கள் ஒவ்வொருவரும் கொதிக்கவைத்துப் பார்க்க இயலாது. ஆகவே, நமக்காகச் சோதிக்க 1947-இல் இந்தியத் தர நிர்ணய நிறுவனம் தோன்றியது. அது வகுத்த அளவைகளின் வரிசையில் ஐ.எஸ். 10 என்னும் சிறிய எண் ஒட்டுப்பலகைத் தேயிலைப் பெட்டிக்கு உரியது. 1987-இல் அந்நிறுவனத்தின் பணியை இந்தியத் தர அமைவனம் ஏற்றது. ஐ.எஸ்.ஐ. என்னும் முத்திரை மட்டும் பழைய பெயரிலேயே தொடர்கிறது. ஒட்டுப்பலகைக்கு இம்முத்திரையைக் கட்டாயமாக்கும் ஆணையை மைய அரசு அண்மை ஆண்டுகளில் பிறப்பித்துள்ளது.

முத்திரையில் மூன்றைப் பார்க்க வேண்டும். முதலாவது, ஐ.எஸ்.ஐ. சின்னம். இரண்டாவது, அதன் மேலுள்ள அளவை எண்: பொதுப்பயனுக்கு 303, கடற்பலகைக்கு 710, அழகு முகம் பொருத்திய பலகைக்கு 1328, கான்கிரீட் வார்ப்புப் பலகைக்கு 4990. மூன்றாவது, சின்னத்தின் கீழே ‘சி.எம்./எல்.’ என்று தொடங்கும் உரிம எண். எந்த ஆலைக்கு எந்தப் பொருளுக்காக உரிமம் தரப்பட்டது என்பதை அவ்வெண்ணைக் கொண்டு அமைவனத்தின் ‘பி.ஐ.எஸ். கேர்’ செயலியில் கைப்பேசியிலேயே பார்த்துவிடலாம். மாமாவின் பலகையில் 710 என்ற எண் இருந்தது. சின்னமும் உரிம எண்ணும் இல்லை. எண்ணை யாரும் அச்சிடலாம். உரிமத்தை யாரும் அச்சிட்டுவிட முடியாது, அச்சிட்டால் சிக்குவர்.

கடையிலேயே செய்யத்தக்க வேறு சில சோதனைகளும் உண்டு. ஓடாவி சொன்னபடி ஓரத்தைப் பாருங்கள். ஏடுகள் ஒரே சீராக உள்ளனவா, இடையே பொந்து தெரிகிறதா என்பது அங்கே மறைக்க முடியாதது. ஓரத்தில் கெட்டியாகச் சாயம் பூசியிருந்தால், ஏன் பூசினார்கள் என்று கேளுங்கள். நாணயத்தால் பலகையின்மேல் தட்டிக்கொண்டே போங்கள். ஓசை ஓரிடத்தில் திடீரென்று மாறினால் உள்ளே வெற்றிடம் உண்டு. புதிய பலகையை முகர்ந்தால் கண் கரிக்கிறதா? அது பார்மால்டிகைடு வாயு. உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2004-இல் அதனைப் புற்றுநோய்க் காரணிகளின் முதல் பட்டியலில் சேர்த்தது. ஆகவே, மூடிய அறைகளுக்கு வாயு குறைவாக வெளிவிடும் ‘ஈ-1’, ‘ஈ-0’ வகைகளைக் கேட்டு வாங்குதல் நலம்.

தேவைக்கு ஏற்ற தரம்

எல்லாவற்றிற்கும் கடற்பலகையே வேண்டும் என்று யாரும் கருதிவிட வேண்டாம். உலர்ந்த படிப்பறையின் புத்தக அலமாரிக்கு எம்.ஆர். போதும். நம் ஊரின் உப்பங்காற்று வீசும் சமையலறைக்கும், குளியலறை அருகில் உள்ள கதவுக்கும் பி.டபிள்யூ.ஆர். ஏற்றது. படகுக்குக் கடற்பலகை, அங்கே முகத்தில் இரண்டு கணு இருந்தாலும் குற்றமில்லை, எப்படியும் பூச்சுக்கு அடியில் மறையப்போவதுதானே. மாமா தள்ளிவிட்டு வந்த அந்த மங்கலான பலகை ஒருவேளை நல்ல பலகையாக இருந்திருக்கலாம்.

இப்போது படகின் தளம் புதுப் பலகையால் அமைந்துவிட்டது. ஓடாவியே உடன் சென்று, உரிம எண்ணைச் சரிபார்த்து, ஓரத்தைத் தடவிப் பார்த்து எடுத்து வந்தார். அதன் முகம் ஒன்றும் அழகில்லை. மாமா அதன்மேல் நீலச்சாயம் பூசிவிட்டு, முதல் நாள் தொழிலுக்குப் போகுமுன் காலால் ஓங்கி மிதித்துப் பார்த்தார். பலகை அசையவில்லை. முத்தைச் சல்லடையில் இட்டுப் பார்த்த பிறகே கண்ணால் அழகு பார்த்த முன்னோரின் வரிசைமுறை எத்துணைப் பொருத்தமானது என்று அப்போது எனக்குத் தோன்றிற்று.